ஸ்காட்லாந்து தந்த தைரியம்

சிங்கப்பூரில் வேலை கிடைத்த லோஷினிக்கு அங்கேயே அறை எடுத்துத் தங்க ஆசை. அப்பாவிடம் கேட்கத்தான் பயம்.

அதனால் முதலில், இங்கிலாந்திடமிருந்து விடுதலை பெற ஸ்காட்லாந்து போராடும் சரித்திர நாவல் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் இருந்த அவர்கள் வீட்டில் ஒரு வாரம் ஒரே போர்ச் சத்தம்தான். "விடாதே, பிடி!" என்று அப்பா விஜயன் நாற்காலியிலேயே துள்ளினார். கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதுதான் சமயம். "அப்பா, நான் சிங்கப்பூர்லயே ரூம் எடுத்துத் தங்கிக்கவா?"

"தாராளமா தங்கும்மா."

லோஷினியால் நம்ப முடியவில்லை. "எல்லாம் அந்தக் கதையாலதானேப்பா?"

"பின்னே? பாவம்மா அந்த இங்கிலாந்து ராஜா! ஆளுங்கள அனுப்பிட்டு அரண்மனையிலயே உக்காந்துட்டான், நாடே கையைவிட்டுப் போச்சு. அந்தத் தப்ப நான் செய்ய மாட்டேன்லா. ரெண்டு கட்டில் உள்ள ரூமா பாரு."