பொதுத் தட்டு

அம்மா வீட்டில் இருபது நாள் இருந்த ஜெபராணியைக் கணவனோடு சேர்த்துவைக்க, அவளுடைய அண்ணன் தேவசகாயம் ஒரு ஸ்பானிய உணவகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். பிரிந்தவர்கள் ஒரே தட்டில் கை நனைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். இங்கே எல்லாத் தட்டும் பொது.

"இதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்" என்று அண்ணன் சிரித்தான். உடைந்த விலா எலும்பு இன்னும் ஒன்றுகூடாததால் அவளால் சிரிக்க முடியவில்லை.

பூண்டு எண்ணெயில் கொதித்தபடி இறால் வந்தது. பசியில் அவள்தான் முதலில் கை நீட்டினாள். கணவன் எட்வின் முள்கரண்டியை அவளுடைய புறங்கையில் ஊன்றி அழுத்தினான்.

"ஆம்பளைங்க எடுக்கட்டும். அதுக்குள்ள என்னடி பறக்கிற?"

நான்கு முனைகளைச் சுற்றியும் தோல் வெளுத்து, பிறகு ரத்தம் துளிர்த்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணவன் வீட்டுக்கு அவள் திரும்ப வேண்டியதில்லை.

"விடுங்க மாப்ள" என்றான் அண்ணன். "இன்னொரு பிளேட் சொல்லிக்கலாம்."

எட்வின் கரண்டியை எடுத்து, அதே முனைகளால் ஓர் இறாலைக் குத்தித் தின்றான்.

அடுத்து மரப்பலகையில் மாட்டிறைச்சி வந்தது, ஒரே ஒரு கத்தியோடு. யார் வெட்டுவது என்று பரிமாறுபவர் கேட்டார்.

"நான்" என்றாள் ஜெபராணி.

"இவளா? வெங்காயமே ஒழுங்கா வெட்டமாட்டா" என்று எட்வின் மேஜையில் தட்டிச் சிரித்தான்.

அவள் இறைச்சியை ஓரமாகத் தள்ளினாள். கத்தி அவள் கையில் இருந்தது.

"கைய அப்படியே வைங்க" என்றாள், மேஜைமேல் இருந்த எட்வினின் கையைப் பார்த்து.

அண்ணன்தான் முதலில் தன் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டான்.