மனுதாரர் பெயர் மறைக்கப்பட்டது

"நான் எழுதலன்னு இன்னும் எத்தனை தடவை சொல்லணும் அண்ணே? உறையைப் பிரிங்க. உள்ள என் பேரு இருந்தா இந்த இடத்துலயே செருப்பால அடிங்க."

வயர்மேனின் குரல் தெருமுனை வரை கேட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் எல்லோருக்கும் வாசலில் ஏதோ ஒரு வேலை இருந்தது. எனக்கு டெய்லரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

டெய்லர் கையில் நகராட்சி முத்திரை குத்திய பழுப்பு உறை.

விஷயம் இதுதான். டெய்லருக்கு ஒரே மகள். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகளுக்கு ஒரு வரன் அமைந்தது. மாடியில் ஓர் அறை எழும்பினால் மாப்பிள்ளை வேலையை மாற்றிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவார். எழும்பாவிட்டால் பெண் அங்கே போய்விட வேண்டும், டெய்லர் தனியாக இருக்க வேண்டும். இப்படிப் பேசி முடித்தவர்கள் இரண்டு அப்பாக்கள். பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்குத் தகவல் இல்லை. எனக்கே இல்லையென்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சுவர் ஆளுயரம் வந்தபோது வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதி வாங்காத கட்டடம் என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள்.

யார்?

டெய்லர் சந்தேகப்படாத ஆள் கிடையாது. சலவைக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த ரசீதைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என்னையும் ஒரு தினுசாகத்தான் பார்த்தார். அவர் சந்தேகப்பட்டவர்களின் சட்டையெல்லாம் அந்த இரண்டு மாதமும் அக்குளில் பிடித்தது. தற்செயலாகவும் இருக்கலாம்.

கடைசியில் எதிர்வீட்டு வயர்மேனிடம் வந்து நின்றார். புது அறைக்கு வயரிங் வேலையை வெளியாளுக்குக் கொடுத்ததில் வயர்மேனுக்குக் கோபமாம். தெருவும் அப்படித்தான் இருக்கும் என்றது. தெருவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

புகாரின் நகல் வேண்டும் என்று டெய்லர் நகராட்சியில் மனுப் போட்டார். அது இன்னொருவரின் சொந்த விவரம், தர இயலாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தார். நடையாய் நடந்தார். கடையைப் பாதி நாள் மகள்தான் பார்த்துக்கொண்டாள். அதற்கெல்லாம் கிடைத்த பதில்தான் இந்த உறை.

பிரித்தார். ஒரே பக்கம், டைப் அடித்தது. பெயர், முகவரி, கையெழுத்து மூன்றின் மேலும் கறுப்பு மை. குமாஸ்தா பொறுப்பானவர் போலிருக்கிறது, இரண்டு பூச்சு அடித்திருந்தார்.

பேரை மறைத்தால் என்ன, எழுதியிருக்கிற லட்சணத்திலேயே ஆள் தெரிந்துவிடும் என்று டெய்லர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அனுமதி இல்லை. எல்லையை ஒட்டிய சுவர். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து வயர்மேனை முறைத்தார். வயர்மேனும் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்கு முறைத்தார்.

அளவு விவரம் என்ற இடத்தில் டெய்லரின் குரல் நின்றுவிட்டது.

நான் எட்டிப் பார்க்கவில்லை. கழுத்து தானாகப் போனது.

'கிழக்குச் சுவரின் நீளம்: மூன்று டேப், பதினொன்றேகால் இஞ்ச். ஓரத்துக்கு அரை இஞ்ச் விட்டது.'

கொத்தனார் அடிக்கணக்கில் சொல்வார். நகராட்சியில் மீட்டர். வயர்மேனின் இரும்பு டேப்புக்கு அந்தச் சுவர் ஒரே இழுப்பு. அறுபது இஞ்சில் முடிந்துபோகிற துணி டேப்பை மூன்று முறை மாற்றி மாற்றி வைத்து அளந்து, தையல் ஓரத்துக்கும் விட்டு எழுத எங்கள் தெருவில் இரண்டே பேருக்குத்தான் வரும். அதில் ஒருவர் கையில்தான் அந்தக் காகிதம் இருந்தது.

கடையில் பெண்களுக்கு அளவெடுக்கிற இன்னொருத்தி, அவர் மகள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொறுமை போய் வயர்மேன் காகிதத்தைப் பிடுங்கினார். படித்தார். அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். டெய்லரைப் பார்த்தார். வெளுத்துப்போன அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்களை, வாசலுக்கு வாசல் நின்ற அத்தனை பேரையும் பார்த்தார்.

காகிதத்தை நாலாக மடித்து டெய்லரின் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி, நான்தான் எழுதினேன். இப்ப என்னங்கிறீங்க?"

தெருவுக்குப் பரம திருப்தி. அப்போதே தெரியும் என்று நாலு பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

டெய்லர் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மகளைப் பார்த்து, "நீ உள்ள போம்மா" என்றார்.

அறை எழும்பவில்லை. நோட்டீசுக்கு டெய்லர் பதிலே போடவில்லை. மூன்றாம் மாதம் கல்யாணம் நடந்தது. பெண் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்விட்டாள். அங்கே தன் பேரிலேயே கடை போட்டிருக்கிறாளாம், தைக்க ஆள் போதவில்லையாம்.

மனுப் போடுகிறவனைக் குடிவைத்தால் நாளைக்கு நம் வீட்டையும் அளப்பான் என்று வயர்மேனின் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் வேறு யாரும் வீடு கொடுக்கவில்லை.

இப்போது வயர்மேன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருப்பது டெய்லர் வீட்டு முன்பகுதியில். சாப்பாடுகூட எல்லோருக்கும் ஒரே உலைதான் என்று கேள்வி. தன் கட்டடத்தை நிறுத்தியவனையே கூட்டி வந்து வைத்திருக்கிறாரே, மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று தெரு இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது.

நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.