ஆஸ்பத்திரிச் சீட்டு

"மெதுவா ஏறுங்கம்மா. தையல் பிரிஞ்சிடப் போகுது."

மகன் ஒரு கையால் தாயின் முழங்கையைத் தாங்கி, மறு கையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினான். வக்கீலம்மாவின் அறையில், மின்விசிறிக்கு நேரே அவளை உட்கார வைத்தான்.

"அந்த நாட்டுல நடந்ததுக்கு இங்க எப்படிம்மா கேஸ் போடுவாங்க?" என்றாள் தாய். "நம்ம மண்ணுல கால் வச்சுட்டா ஒருத்தனும் தொட முடியாதுன்னு நினைச்சேனே."

"மண்ணு மாறினா பாஸ்போர்ட் மாறிடுமா? நம்ம ஆளு எங்க போய்த் தப்புப் பண்ணினாலும் இங்க விசாரிக்கலாம்." வக்கீலம்மா அவன் பக்கம் திரும்பினாள். "சண்டையில தள்ளிவிட்டே. படியில விழுந்து ஆள் செத்துட்டான். சரி, அங்க விசாரணைக்கு முந்தின நாள் ஏன் ஓடி வந்தே?"

"ஓடலை மேடம். அம்மாவுக்கு வயித்துல அவசர ஆபரேஷன், பொழைக்கிறதே கஷ்டம்னு சித்தி போன் பண்ணினாங்க."

வக்கீலம்மா ஒரு தாளை எடுத்தாள். "செத்தவனோட அம்மா அங்க கொடுத்த வாக்குமூலம். கேளு. 'அவன் வாராவாரம் என் வாசலில் வந்து நின்றான். ஒருநாளும் நான் கதவைத் திறக்கவில்லை. விசாரணையன்று அவனை மன்னித்துக் கையெழுத்துப் போடத்தான் போனேன். ஓடிவிட்டான் என்றார்கள். பேனாவை மூடிவிட்டேன்.'"

தாயின் முகம் வியர்த்தது. மகன் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான்.

"அந்தக் கையெழுத்து விழுந்திருந்தா அன்னிக்கே விடுதலை. அந்த நாட்டுச் சட்டம் அப்படி. இங்க அதெல்லாம் செல்லாது. வருஷக்கணக்குல உள்ள இருக்கணும்."

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "போகட்டும் மேடம். நான் வராம இருந்து அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றான்.

"பிள்ளை மனம் கல்லுன்னு சொல்றது உன் விஷயத்துல பொய்யாப் போச்சு. கோர்ட்லயும் அதைத்தான் சொல்லப் போறோம். ஓடலை, பெத்தவளைப் பார்க்க வந்தான்னு காட்டினா தண்டனை பாதியாக் குறையும். ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு போதும். இருக்கில்லம்மா?"

"பையிலதானேம்மா வச்சிருக்கீங்க?" அவன் பையைத் திறந்து துழாவ ஆரம்பித்தான்.

தாய் இரண்டு கைகளாலும் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதில், அவனைப் பெற்ற சுருக்கங்களைத் தவிர, ஒரு கீறல்கூட இல்லை.