இரவல் கொம்பு

மழைக்கு மாதா கோயிலுக்குள் ஒதுங்கிய கிடா, சுவரில் தீட்டியிருந்த சாத்தானைப் பார்த்து முகம் சுளித்தது. சாத்தானின் தலையில் இருந்தவை அசல் ஆட்டுக் கொம்புகள். தெருப் பிள்ளைகள் தன்னைக் கண்டதும் “சாத்தான் வருது” என்று கல்லெறிவது ஏன் என்று கிடாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“யோவ், என் கொம்பைக் கழட்டு. உன்னால ஒரு தெருவுலயும் நிம்மதியா மேய முடியலை.”

சாத்தானுக்குக் கோபம் வரவில்லை. “எடுத்துக்கோங்கண்ணே. நான் கேட்டா வச்சாங்க? வரைஞ்சவர் கண்ணுல பட்டதையெல்லாம் என் மேல ஒட்டிட்டார்” என்று தலையை உதறியது. கொம்புகள் சுவரிலிருந்து உதிர்ந்தன.

உத்தரத்தில் தொங்கிய வௌவால், “அப்ப என் றெக்கை?” என்றது. றெக்கைகளும் உதிர்ந்தன. பாம்பு வந்து கேட்பதற்கு முன்பே வாலையும் சாத்தான் உதிர்த்துவிட்டது.

இனிக் கல்லடி இல்லை என்ற நிம்மதியில் கிளம்பிய கிடா, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. முறுக்கிய மீசையோடு ஒரு முகம் மட்டும் சுவரில் மிச்சமிருந்தது.

“அந்த மூஞ்சி யாரோடது? வந்து வாங்கிக்கச் சொல்லலாம்ல?”

“சொந்தக்காரங்க வாராவாரம் வர்றாங்கண்ணே” என்றது சாத்தான். “எதிர்லயே உக்காந்து பாத்துட்டுப் போறாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை.”