சோறு போட்ட கை

திருப்பதி கால்நடை டாக்டர் சாய்குமாரின் மேஜைமேல் கூடையை வைத்தாள் யமுனா. உள்ளே பூனை உறுமியது.

“சோறு போட்ற என்னைத்தான் சார் கடிக்குது. வூட்ல வேற யாரையும் தொடல.”

“எப்போலேர்ந்து?”

“திருமலைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து.”

மருந்து எழுதப்போன டாக்டர் நிமிர்ந்தார்.

“முக்காட்டை எடும்மா.”

எடுத்தாள். மொட்டைத்தலையில் சந்தனம் மணத்தது.

“வாசனை, உருவம் ரெண்டும் மாறிப்போச்சு. யாரோன்னு நெனச்சுக்கினு கடிக்குது. உன் பழைய புடவையை அது படுக்கிற எடத்துல போடு. நீயா தூக்காதே, தானா வரட்டும். மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயி நீ ஊசி போட்டுக்கோ.”

தலையாட்டினாள்.

“யாருக்கு வேண்டிக்கினு முடி குடுத்தே? புருஷனுக்கா?”

“இதுக்குத்தான் சார். பொழைக்காதுன்னு போன மாசம் நீங்களே கைய விரிச்சீங்களே!”

அப்போதுதான் டாக்டருக்கும் அவளை அடையாளம் தெரிந்தது.

“தண்ணி நக்கக்கூட தெம்பில்லாம கெடந்துச்சு சார். இப்போ எப்டி கடிச்சிருக்குது பாருங்க!”

சிரித்துக்கொண்டே, கடிபட்ட கையையும் சேர்த்துக் குவித்து, ஜன்னலில் தெரிந்த மலையைக் கும்பிட்டாள் யமுனா.