திருவிருந்துக்கு முந்தின நாள்

காலையில் எழுந்தான். ஹால் சோபாவில் கிடந்த போர்வையை மடித்தான். பல் தேய்த்து, பால் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு, இறந்துபோன மனைவியின் படத்தைத் துடைத்து, மறுபடியும் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

தினமும் இதே வரிசைதான்.

அழைப்பு மணி அடித்தது. மாமியார் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சபையின் போதகர்.

"வாங்க அத்தை. வாங்க ஐயா."

அத்தையின் கண் நேராகப் படத்துக்குத்தான் போனது. பின்பக்க அட்டையைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "பாத்தீங்களா ஐயா? போனவ மேல இன்னும் கோபம் ஆறல."

"முதல்ல உக்காருவோம்மா. எங்க உக்கார்றதுன்னுதான் தெரியல" என்றார் போதகர். நாற்காலிகளில் சட்டை, பேண்ட், துண்டு, தலையணை. ஒரு குடித்தனத்தையே ஹாலில் குவித்துவைத்திருந்தான்.

இடம் ஒதுக்கிக் கொடுத்தான். போதகர் சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்குத் திருவிருந்து. அவ போனதிலேருந்து நீ பந்திக்கு வரல. கடைசி வரிசையில உக்கார்ந்துட்டு, நான் அப்பத்தையும் திராட்சரசப் பாத்திரத்தையும் கையில எடுக்கறதுக்குள்ள செருப்பை மாட்டிக்கிட்டு நழுவிடறே. எனக்குக் கண் நல்லாத் தெரியும்ப்பா."



"அவ போன அன்னைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினா, மாப்பிள்ளை. எல்லாத்தையும் சொல்லி அழுதா" என்றார் அத்தை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, மனதில் இருப்பதை அறிக்கையிட்டு, மன்னிப்புக் கேட்டு, சேர்ந்து ஜெபிக்க வேண்டும். இவர்கள் வீட்டில் அது எப்போதும் சிரிப்பில்தான் முடியும். "உங்க அக்கா வாங்கிக் குடுத்த புடவையைக் கைப்பிடித் துணியாக்கிட்டேன், மன்னிச்சிடுங்க" என்பாள்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. குழந்தை இல்லாததற்குக் குறை அவனிடம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரிடமும் மூச்சு விடாதே என்று அவன் கெஞ்சியிருந்தான். அதை என் அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்றாள்.

"பாக்கறவங்க எல்லாம் அவளைத்தான் குத்திக் காட்டினாங்க. உங்களுக்காக வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தா. ஒரு நாள் தாங்காம பெரியவகிட்ட கொட்டிட்டா. தப்புதான், நான் இல்லைங்கல" என்றார் அத்தை. "நீங்க முகம் குடுத்துப் பேசலன்னு அழுதாளே, மாப்பிள்ளை. என் சின்னவளை மன்னிச்சீங்களா, இல்லையா? அது தெரியாம எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல."

"மன்னிச்சிட்டேன் அத்தை."

அத்தை நிமிர்ந்தார். "எப்ப?"

"அன்னைக்கே. கொஞ்ச நேரத்துலயே கோபம் போயிடுச்சு. காட்டிக்கல, அவ்வளவுதான். ஒரு ராத்திரி தவிக்கட்டும், காலையில சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு எழுந்துபோய்ப் படத்தைத் திருப்பி வைத்தார். "கேட்டியாடி? அப்பவே மன்னிச்சிட்டாராம். நீதான் அவசரப்பட்டுட்டே." அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. "ஐயா, இவ சின்ன வயசுல மனப்பாட வசனம் வரலன்னா டபக்குன்னு இருமுவா. ஞாயிறு பள்ளி டீச்சர் பயந்துபோய் உக்கார வச்சிடுவாங்க."

"என்கிட்டயும் அதேதான்" என்றான். "சண்டைன்னா இருமுவா. நான் பதறி ஓடி வந்தா, தோத்துட்டீங்கன்னு சிரிப்பா."

"கடைசியில நிஜ இருமலே அவளைக் கொண்டுபோயிடுச்சு. ஆஸ்துமாவுக்கு இழுக்கற பம்பை எப்பவும் படுக்கையில, தலையணைக்கு அடியிலதானே வச்சிருப்பா? அன்னைக்குன்னு பாத்து ஹால்ல வந்து ஏன் படுத்தா?"

அவன் மூடிக் கிடந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தான்.

"விடும்மா" என்றார் போதகர். "'இயேசப்பா'ன்னு சொல்லிக்கிட்டே போனவ. இவன் மனசும் சுத்தமா இருக்கு. நாளைக்குப் பந்தியில முதல் ஆளா வரணும், என்ன?" ஜெபிக்க எழுந்து கண்ணை மூடினார்.

"ஐயா, ஜெபிக்காதீங்க."

போதகர் கண்ணைத் திறந்தார்.

"அவ 'இயேசப்பா'ன்னு சொல்லல. அத்தை மனசு ஆறட்டும்னு ஆஸ்பத்திரியில நான் சொன்ன பொய் அது."

அத்தையின் கை படத்தின் மேலேயே நின்றுவிட்டது. "அப்ப என்னதான் சொன்னா?"

"அவ ஹால்ல இருந்தா. நான் உள்ள, எங்க ரூம்ல படுத்திருந்தேன். இருமல் கேட்டுது. நடிக்கறா, இந்தத் தடவை தோக்கக் கூடாதுன்னு அப்படியே கிடந்தேன். அதுக்கப்புறம்தான் பேசினா."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

அவள் சொன்ன மாதிரியே, குரலை உயர்த்தாமல், விட்டுவிட்டுச் சொன்னான்.

"'நீங்க மன்னிக்கக்கூட வேண்டாங்க... கதவை மட்டும் திறங்க.'"