அய்யனாரின் முதல் பார்வை

கண் திறப்புக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர். பிளாட் போட்டு விற்கும் வைகுண்டராஜ், பூசாரி சீனிச்சாமி, பெயிண்டர் சமுத்திரம். மூன்று பேருமே சிலையின் முதுகுப் பக்கம் நின்றார்கள்.

எதிரே யாரும் நிற்கக் கூடாது. வருஷா வருஷம் புதுப் பெயிண்ட் அடித்து அய்யனாருக்குக் கண் வரைந்ததும், முதல் பார்வை கண்மாய்த் தண்ணீரில் விழ வேண்டும். மனிதன் மேல் விழுந்தால் அவன் தப்ப மாட்டான் என்பது ஊர் நம்பிக்கை.

இப்போது எதிரே தண்ணீர் இல்லை. எண்பத்திரண்டில் கடைசியாகக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அதற்குப் பிறகு மலையிலிருந்து ஓடை இறங்கவில்லை. காய்ந்து வெடித்த கண்மாயில் வைகுண்டராஜ் கல் ஊன்றி, பிளாட் போட்டுவிட்டார். சாமிக்கு நேர் எதிரே அவருடைய சொந்த வீடு. இன்றைக்குத்தான் குடிபோகிறார்.

"சிலையத் திருப்பி வெச்சா என்னய்யா?" என்றார் வைகுண்டராஜ்.

"காவல் சாமிய முதுகு காட்டச் சொல்லுதீகளா? நல்லாருக்கே ஞாயம்," என்றார் பூசாரி.

"அப்பக் கண்ண மூடுன மாதிரி வரையச் சொல்லும். தூங்கட்டும். காவல் காக்க அங்க என்ன கெடக்கு?"

"மழை பேஞ்சா கண்மாய் திரும்பி வரும் முதலாளி," என்றான் சமுத்திரம். அவனுடைய வயலுக்கு ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர்தான் பாய்ந்தது.

"எந்த மழை? மலையில காடும் போச்சு, மேகமும் போச்சு. ஏலே, ஒனக்குக் கூலி வேணுமா, மழை வேணுமா?"

சமுத்திரம் ஏணியைச் சிலையின் பக்கவாட்டில் சாத்தினான். அவருடைய வீட்டுக்கும் அவன்தான் பெயிண்ட் அடித்தான். கடைசி வேலையை முடித்து, பூட்டி, சாவியோடு இப்போதுதான் வந்திருந்தான். விரல் நுனியில் கருப்புப் பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

ஏணியில் ஏறினான். நேற்றே காய்ந்துவிட்ட மீசைக்கு மேலே, மூடிய இமைக்கு இரண்டு கோடு. அவ்வளவுதான்.

"முடிஞ்சுதாலே?"

"முடிஞ்சுது. வந்து பாருங்க."

வைகுண்டராஜ் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தார். வாய்க்கட்டு ஒன்றுதான் கட்டவில்லை. மற்றபடி செத்தவன் முகம்.

"நடுவுல தெறந்துராதே?"

"பெயிண்டு முதலாளி. அது எப்படித் தெறக்கும்?"

அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, சிலையின் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போனார். படியில் இடறினார். தடவித் தடவிப் பூட்டைத் திறந்தார். முதுகைக் காட்டாமலே வீட்டுக்குள் நுழைந்தார்.

"கண்ணத் தெறக்காம விட்டுட்டியேலே," என்றார் பூசாரி. "சாமி ஒன்னையும் விடாது, என்னையும் விடாது."

"தெறந்தாச்சு மாமா."

"எங்கலே தெறந்தே? மூடியில்ல கெடக்கு?"

எதிரே கதவு சாத்தப்பட்டது. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், பிறகு சாவி திரும்பும் சத்தம்.

சமுத்திரம் விரலைத் துண்டில் துடைத்தான்.

"உள்ள. வாசலுக்கு நேர் சுவத்துல."